இரு முறை ஒலித்த மணிக்கூடு: வாசகர் கேள்வியும் பதிலும்

முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கொன்றின் அருட்பணிச் சபையிலிருந்து ஒரு வாசகர், தங்கள் கோயிற் கோபுரத்தில் நெடுங்காலமாக நின்றுபோயிருக்கும் மணிக்கூட்டைப் பற்றி நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். அந்தக் கோயிலோடு உறவுள்ளவர்களும், வன்னியின் வேறு ஊர்களில் இத்தகைய மணிக்கூட்டின் ஓசையோடு வளர்ந்தவர்களும் அனுப்பிய கேள்விகளும் கையில் இருக்கின்றன. எனவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அந்த ஒரே பொருளைப் பற்றியவை. எழுதியவர்களின் விருப்பப்படி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கோயில் நூறாண்டு கடந்தது. கோபுர மணிக்கூடு போர்க்காலத்தில் நின்றது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது முகப்பில் சன்னம் துளைத்த ஓட்டைகளும் உள்ளே குளவிக் கூடுகளுமாகக் கண்டோம். வெளிநாட்டில் வாழும் ஊரவர்கள் புதிய மின் மணிக்கூடு வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். பழைய இயந்திரத்தை இறக்கினால்தான் புதியதைப் பூட்டலாம் என்று பொருத்த வருபவர்கள் கூறுகிறார்கள். சபை இரண்டுபட்டு நிற்கிறது. தாங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: இறக்க வேண்டாம். சபையின் முன் வைப்பதற்கு ஒரு வரி போதுமென்றால் இதையே வையுங்கள்.

பழையது இறங்கினால்தான் புதியது ஏறும் என்ற கூற்று பெரும்பாலும் பொருந்தாது. நாம் கீழே நின்று காண்பது முகப்பையும் இரண்டு முட்களையும் மட்டுமே. உண்மையான இயந்திரம் முகப்புக்குப் பின்னாலோ சற்றுக் கீழேயோ, மரப்பெட்டி ஒன்றுக்குள், தனக்கென்று போடப்பட்ட உத்தரங்களின் மேல் தனியாக நிற்கிறது. அங்கிருந்து ஓர் இரும்புத் தண்டு முட்களுக்கும், ஒரு கம்பி மணியின் சுத்தியலுக்கும் போகின்றன. மின் மோட்டாரோ முகப்பின் பின்புறத்தில் முட்களின் அச்சோடு பூட்டப்படும் சிறிய பெட்டி. தண்டின் இணைப்பை விலக்கி வைத்தால் இரண்டும் ஒரே கோபுரத்தில் இருக்கலாம். பின்னொரு நாள் யாராவது பழைய இயந்திரத்தை ஓட்ட விரும்பினால் அந்த இணைப்பைத் திரும்பப் பூட்டலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நான் நேரில் கண்ட ஓர் இழப்பே காரணம். போர் முடிந்த பின், வன்னியிலேயே வேறொரு கோயிலில், திருத்த வந்தவர்கள் இயந்திரத்தைத் துண்டு துண்டாக இறக்கிப் பங்குமனையின் பின்புறத்தில் ஒரு மாமரத்தின் கீழ் வைத்துவிட்டுப் போனார்கள். அது ஒரு மாரி முழுவதும் அங்கேயே நனைந்தது. அடுத்த ஆண்டு நான் போனபோது வார்ப்பிரும்புச் சட்டம் மட்டும் கிடந்தது. பித்தளைப் பற்சில்லுகள் பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் கிலோக் கணக்கில் போயிருந்தன. சட்டத்தின் முன்பக்கத்தில், நேரத்தைச் சரிபார்ப்பதற்காக உள்ளங்கையளவு சிறு முகப்பொன்று பொருத்தப்பட்டிருந்த இடத்தில், நான்கு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன. செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் வழக்கமாக அந்தச் சிறு முகப்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த மணிக்கூடு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அந்தத் துளைகளில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

ஆகவே முதலில் ஏறிப் பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பெட்டியின் உட்பலகையையும் அருகிலுள்ள சுண்ணாம்புச் சுவரையும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சாவி கொடுத்தவர்கள் எண்ணெய் விட்ட நாளையும் ஊசலைத் திருத்திய அளவையும் பென்சிலால் அங்கே குறித்துவைப்பது பல இடங்களில் வழக்கம். ஆவணி, ஐப்பசி என்று மாதங்களைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிலுவைக் குறி இட்டிருந்த சுவரொன்றை நான் பார்த்திருக்கிறேன். திருவிழாவுக்கு வெள்ளையடிக்க வருபவர்கள் அந்தச் சுவரில் தூரிகை வைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அடுத்தது எடைகள். இந்த மணிக்கூடுகள் விற்சுருளால் ஓடுபவை அல்ல. கம்பிவடத்தில் தொங்கும் இரும்பு எடைகள் மெல்ல இறங்குவதால் ஓடுபவை. பொதுவாக முட்களை ஓட்டுவதற்கு ஓர் எடை, மணியை அடிப்பதற்கு அதைவிடப் பாரமான இன்னோர் எடை என்று இரண்டு இருக்கும். ஆண்டுக்கணக்கில் உப்புக்காற்றுப் பட்ட கம்பிவடம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றிருக்கும். எடைகள் இன்னும் மேலே தொங்குமானால், அவற்றைக் கட்டைகளால் தாங்கி, பாரத்தை முற்றாக எடுத்த பின்னரே இயந்திரத்தில் கைவைக்க வேண்டும். பாரம் இருக்கும்போது ஊசலோடு சேர்ந்தாடி, பற்சில்லை ஒவ்வொரு பல்லாகப் பிடித்து விடும் நங்கூர வடிவத் துண்டைக் கழற்றினால், முழு வரிசையும் கட்டுக்கடங்காமல் சுழன்று பற்களை முறிக்கும். கையிருந்தால் கையையும் முறிக்கும்.

பாரம் இறங்கிய பின் ஒவ்வொரு சில்லையும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் நல்லது. பெரும்பாலான கோபுர மணிக்கூடுகள் உடைந்து நின்றவை அல்ல. அழுக்கேறி, எண்ணெய் பிசினாகி, வடம் அறுந்து, அல்லது சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றவை. இயந்திரம் அறிந்த ஒரு கடைசல்காரர் அச்சுமுனைகளையும் அவை சுழலும் பித்தளைத் துளைகளையும் சுத்தம் செய்து, தேய்ந்த துளைகளுக்குள் புஷ் எனப்படும் புதிய சிறு பித்தளைக் குழாய்களை இட்டால், இயந்திரம் மீண்டும் ஓடுவதற்கு நல்ல வாய்ப்புண்டு. மினுக்க வேண்டாம், வர்ணம் பூச வேண்டாம், சில்லுகளின் பற்களுக்குக் கிறீஸ் பூச வேண்டாம். பற்களில் பூசிய கிறீஸ் தூசியைப் பிடித்து அரைக்கும் மாவாகிவிடும்.

முகப்பின் ஓட்டைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மழை உள்ளே வராதபடி பின்புறத்தில் தகடு வைத்து அடையுங்கள். முன்புறத்தை நிரப்பி மழுப்புவதா என்பது ஊர் முடிவு செய்ய வேண்டியது. என்னைக் கேட்டால் அவை தெரியட்டும் என்பேன். அந்தக் கோபுரத்தின் கீழ் தஞ்சமிருந்தவர்கள் இன்னும் உங்கள் ஊரில் வாழ்கிறார்கள்.

வெளிநாட்டு உறவுகளின் அன்பளிப்பை மறுக்கவேண்டியதில்லை. புதிய கம்பிவடம், புஷ் வேலை, கோபுரப் படிகள், யன்னல்களுக்கு வௌவாலும் மாடப்புறாவும் புகாத வலை, இடிதாங்கி ஆகியவற்றுக்கு அந்தப் பணம் வேண்டும். வாரத்துக்கொரு முறை ஏறிச் சாவி கொடுத்து எடைகளைத் திரும்ப உயர்த்த உண்மையாகவே எவரும் இல்லையென்றால் மட்டும், நான் மேலே சொன்னபடி பழையதைத் தொடாமல் மோட்டாரைப் பூட்டலாம். ஆனால் ஒரு பங்கு முழுவதிலும் வாரத்துக்கு அரை மணி நேரம் தரக்கூடிய நான்கு இளைஞர்கள் இல்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

கேள்வி: அந்தக் கோயிலடியில்தான் என் அம்மம்மா பிறந்து வளர்ந்தார். மணிக்கூடு ஒவ்வொரு மணியையும் இரண்டு தரம் அடிக்கும், முதல் தரம் மனிதருக்கு, இரண்டாம் தரம் சம்மனசுகளுக்கு (வானதூதர்களுக்கு) என்று சொல்வார். இது உண்மையா, அல்லது பிள்ளைகளுக்குச் சொன்ன கதையா?
(வாசகி, நானாட்டான்)

பதில்: சம்மனசுகளைப் பற்றி உங்கள் அம்மம்மாவே அறிவார். ஆனால் அவர் காதால் கேட்டது மெய்யானது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே மிகப் பெறுமதியான செய்தியும் அதுவே.

பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள ஜூரா மலைப்பகுதியில் மொரே, மொர்பியே என்னும் ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வீட்டு மணிக்கூடுகளும் கோபுர மணிக்கூடுகளும் செய்யப்பட்டன. அவற்றின் தனி இயல்பு, மணியை அடித்து ஏறத்தாழ 2 நிமிடங்களின் பின் அதே எண்ணிக்கையை மறுபடியும் அடிப்பதாகும். வயலில் நிற்பவர் முதல் ஓசையில் தலை நிமிர்ந்து, எண்ணத் தவறிவிட்டாலும், இரண்டாவதில் சரியாக எண்ணிக்கொள்ளலாம். வரம்பில் நிற்பவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் இதன் பயனை விளக்கவேண்டியதில்லை.

உங்கள் அம்மம்மாவின் நினைவு சரியானால், அந்த இயந்திரம் பிரெஞ்சு இயந்திரமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் செய்யப்பட்டவை வழக்கமாக ஒரு முறைதான் அடிக்கும். அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார்கள். வடபகுதிப் பணித்தளங்களில் அவர்களுள் பிரெஞ்சுக்காரர்கள் பலர். தங்கள் ஊர்க் கோயிலில் கேட்ட ஓசையை இங்கும் கேட்க அவர்கள் விரும்பியிருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. முல்லைத்தீவு வாசகர் பெட்டியைத் திறக்கும்போது அந்தச் சிறு முகப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஒரு நாளில் 12 மணி நேரச் சுற்று ஒன்றுக்கு 78 அடி வீதம் 156 அடிகள். இரு முறை அடிப்பதானால் 312. அடிப்புக்குரிய எடை ஏன் அவ்வளவு பாரம் என்பதும், சில இயந்திரங்களுக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியிருந்தது ஏன் என்பதும் இந்தக் கணக்கில் விளங்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் மணிக்கூடு மார்கழி விடியற்காலையில் அடிக்கடி நின்றுவிடும். மணிக்கூட்டுக்கும் குளிர் என்று தாத்தா சொல்வார். கோடையில் பிந்தும். வெயிலில் இரும்பு நீளுவதுதான் காரணமா?
(வாசகர், அடம்பன்)

பதில்: இரும்பு நீளுவது உண்மை. ஊசல் நீண்டால் அது ஆட எடுக்கும் நேரமும் கூடும். ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். இரும்புத் தண்டுள்ள ஊசலுக்கு வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 விநாடிகள்தான் பிந்தும். வாரத்துக்கு 35 விநாடிகள். நம் நாட்டில் மாதத்துக்கு மாதம் வெப்பம் அவ்வளவு மாறுவதுமில்லை. கோடையில் உங்கள் மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தியிருந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு. வைகாசி முதல் வீசும் கச்சான் காற்று நீண்ட நிமிட முள்ளைத் தள்ளித் தடுக்கிறது. அது கொண்டு வரும் தூசி அச்சுத்துளைகளில் படிகிறது. முள்ளின் மறுமுனையில் எதிர்ப்பாரம் இருக்கிறதா, அது கழன்று விழுந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

மார்கழிக் குளிரைப் பற்றித் தாத்தா சொன்னது இன்னும் சுவையானது. அந்த மணிக்கூட்டுக்கு என்ன எண்ணெய் விட்டார்கள் என்று ஊரில் விசாரியுங்கள். தேங்காயெண்ணெய் என்று விடை வந்தால் ஐயமே வேண்டாம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையத் தொடங்குகிறது. மார்கழி விடியலில் போத்தலைக் கவிழ்த்தாலும் வராமல் வெள்ளையாகக் கட்டிப்பட்டிருப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். போத்தலுக்குள் நடப்பதுதான் அச்சுத்துளைக்குள்ளும் நடக்கிறது. வெயில் ஏற எண்ணெய் இளகும், ஒருவர் ஏறி ஊசலைத் தட்டிவிடுவார், மணிக்கூடு மறுபடியும் ஓடும். வேறு எண்ணெய் கிடைக்காத காலத்தில், பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், அதையும் விட்டுக் கோயில் மணிக்கூட்டை ஓட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இனி விடுபவர்கள் மணிக்கூட்டுக்கென்று விற்கப்படும் தாது எண்ணெயை, அச்சுமுனைகளுக்கு மட்டும், ஒவ்வொரு துளியாக விட்டால் போதும்.

கேள்வி: உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஐரோப்பாவில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு இங்கு வந்ததும் பிந்தும் என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. கோயில் மணிக்கூட்டை வைத்து அதை எண்களில் காட்ட முடியுமா?
(ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

பதில்: மிக நன்றாகக் காட்டலாம். புவியீர்ப்பு ஆர்முடுகல் பாரிஸ் நகரத்தில் ஏறத்தாழ 9.809 மீற்றர்/விநாடி², வன்னியில், கடல் மட்டத்தில், ஏறத்தாழ 9.782. ஒரு பக்கம் ஆட ஒரு விநாடி எடுக்கும் ஊசல் பாரிசில் 99.4 சென்ரிமீற்றர் நீளமுடையது, இங்கு 99.1 போதும். அங்கே திருத்திய ஊசலை அப்படியே இங்கே தொங்கவிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடங்கள் பிந்தும். பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷேர் 1672ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோன மணிக்கூடு நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியதைக் கண்டுதான், நடுக்கோட்டுப் பகுதியில் ஈர்ப்பு குறைவு என்பது முதன்முதல் தெரியவந்தது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்ற வாதத்துக்கு நியூட்டன் அந்த அளவீட்டைப் பயன்படுத்தினார்.

திருத்தம் எளிது. ஊசற்குண்டின் கீழே ஒரு சுரை (நட்) இருக்கும். அதைத் திருகிக் குண்டை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால், விநாடி ஊசலில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 விநாடிகள் முந்தும். மூன்று மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக உயர்த்தினால் பாரிசிலிருந்து வன்னிக்கு வந்த வித்தியாசம் முழுவதும் நீங்கிவிடும். மாணவர்களைக் கோபுரத்துக்கு அழைத்துச் செல்லப் பங்குத்தந்தை இசைவாரென்றால், ஒரு வாரம் குறிப்பெடுத்து அவர்களே இதைக் கண்டறியட்டும்.

கேள்வி: கோயில் மணிக்கூடு பழைய நேரத்தில் ஓடியதாக அம்மா சொல்கிறார். நான் 2005ஆம் ஆண்டு பிறந்தவள். பழைய நேரம், புதிய நேரம் என்றால் என்ன?
(வாசகி, மாங்குளம்)

பதில்: உங்கள் வயதினர் இதைக் கேட்காமல் விட்டால் இன்னும் சில ஆண்டுகளில் சொல்ல ஆளிருக்காது.

இலங்கையில் 1906ஆம் ஆண்டு தொடக்கம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நேரமே நிலவியது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மட்டும் சில ஆண்டுகள் மாறியிருந்தது. வறட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றிய 1996ஆம் ஆண்டில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அரசாங்கம் மே 25ஆம் திகதி நேரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தியது. ஒக்ரோபர் 26ஆம் திகதி அதில் அரை மணியைப் பின்னே எடுத்தது. எஞ்சிய அரை மணி வித்தியாசம் 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே பழைய ஐந்தரை மணி நேரமே தொடர்ந்தது.

ஏ9 வீதி 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போனவர் புலிகளின் பகுதி தொடங்கிய ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே தள்ளினார். அந்தப் பகுதி முடிந்த முகமாலையைத் தாண்டியதும் திரும்ப அரை மணி முன்னே தள்ளினார். கலியாண அழைப்பிதழிலும் இறுதிச்சடங்கு அறிவித்தலிலும் எந்த நேரம் என்று தெளிவாகச் சொல்லவேண்டியிருந்தது. காலைப் பூசை பழைய நேரம் ஆறரைக்கு என்றால் அது தெற்கே ஏழு மணி.

இதில் மணிக்கூட்டின் பங்கு ஒன்று உண்டு. முல்லைத்தீவில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியாக, பழைய நேரப்படி 12 மணி 7 நிமிடமளவில். மன்னாரில் இன்னும் மூன்று நிமிடம் பிந்தி. நண்பகலில் திருந்தாதிச் செபத்துக்கான மணி அடிக்கும்போது காலடியில் நிழல் ஒடுங்கியிருந்தது. புதிய நேரத்தின் முதல் ஐந்து மாதங்களில் உச்சிவெயில் பிற்பகல் ஒரு மணியளவுக்குத் தள்ளிப்போனது. கோபுரத்தையும் நிழலையும் பார்த்துப் பழகியவர்களுக்குப் பழைய நேரமே மெய்யான நேரமாகப் பட்டதில் வியப்பில்லை.

இயந்திர வகையிலும் ஒன்று சொல்ல வேண்டும். மணியடிக்கும் கோபுர மணிக்கூட்டின் முட்களைப் பின்னோக்கித் திருப்பக்கூடாது. அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இத்தகைய மணிக்கூடு ஓடியிருந்தால், மே மாதத்தில் நிமிட முள்ளை முன்னே தள்ளி, இடையில் வரும் மணியை முழுதாக அடிக்கவிட்டு நேரம் மாற்றியிருக்க வேண்டும். ஒக்ரோபரில் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தி, அரை மணி காத்திருந்து, மறுபடியும் ஆடவிட்டிருக்க வேண்டும். வன்னிக்குள் இருந்தவற்றில் எவரும் கைவைக்கவேண்டி வரவில்லை. 2006ஆம் ஆண்டு நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியபோதும் அப்படியே.

கேள்வி: முகப்பில் நான்கு என்பதற்கு ரோம எழுத்தில் நான்கு கோடுகள் இட்டிருப்பது பிழையல்லவா? புதுப்பிக்கும்போது திருத்தலாமா?
(வாசகர், வவுனியா)

பதில்: பிழையன்று. பழைய முகப்புகளில் அதுவே வழக்கம். எதிரே நிற்கும் எட்டின் அகலத்துக்கு ஈடாக அது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. திருத்தவேண்டாம்.

கேள்வி: மருதமடு போன்ற கோயில்களின் வரலாறு நூல்களில் இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய ஊர்க் கோயில்களின் கோபுரமும் மணிக்கூடும் எப்போது வந்தன என்று எங்கே தேடுவது? வேதம் வந்து ஐந்நூறு ஆண்டு ஆகப்போகிறதே, கோபுரங்கள் ஏன் அவ்வளவு பழையவையாக இல்லை?
(வாசகர், முருங்கன்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை மன்னாரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் ஏறத்தாழ 600 கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பின் போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த கோயில்கள், 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது கத்தோலிக்கர் கையை விட்டுப் போயின. மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தை 1670ஆம் ஆண்டு மக்கள் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனது அந்த அச்சத்தினாலேயே. புனித யோசப் வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டு மாறுவேடத்தில் வந்து பணியாற்றிய காலத்தில், பூசை ஒளிவுமறைவாக வீடுகளில் நடந்தது. ஒளிந்து செபிப்பவர் கோபுரம் கட்டமாட்டார், மணியும் அடிக்கமாட்டார். ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் காலத்தில், 1806ஆம் ஆண்டு, கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. மருதமடுவின் இன்றைய பெருங்கோயிலுக்கே ஆயர் பொன்ஜோன் ஆண்டகை 1872ஆம் ஆண்டுதான் தொடக்கமிட்டார். எனவே உங்கள் ஊர்க் கோபுரம் நூறோ நூற்றைம்பதோ ஆண்டு மட்டுமே பழையது என்றால், அதற்கு முன் ஊரில் விசுவாசம் இல்லை என்பது பொருளன்று.

தேடுவதற்கு முதல் இடம் மணிதான். மணியின் தோள்ப்பட்டையைச் சுற்றி வார்த்தவர் பெயர், ஆண்டு, சில வேளைகளில் மணிக்கு ஞானத்தாய் தந்தையாக நின்றவர்களின் பெயர்கள் வார்க்கப்பட்டிருக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள், சுரண்ட வேண்டாம். அடுத்தது பங்குமனையில் பேணப்படும் குறிப்பேடு. மறைபரப்புக் குருக்கள் கோயில் வேலைகளையும் வரவுசெலவையும் அதில் எழுதிவந்தார்கள். பழையவை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மன்னார் மறைமாவட்டம் உருவானது 1981ஆம் ஆண்டு. அதற்கு முன் உங்கள் பங்கும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், மன்னாரில் கிடைக்காதது யாழ்ப்பாண ஆயர் இல்லத்தில் கிடைக்கக்கூடும். பல இடப்பெயர்வுகளில் ஏடுகள் அழிந்த ஊர்களுக்கு எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள் மட்டுமே. நானாட்டான் வாசகியின் அம்மம்மா சொன்ன ஒரு வரி, ஓர் ஏடு சொல்லாததைச் சொல்லவில்லையா?

கேள்வி: முதற் கேள்வியை அனுப்பியவர் எனக்குப் பெரியப்பா முறை. சபை சம்மதித்தால் நான் ஏறிச் சாவி கொடுக்கத் தயார். எனக்கு 19 வயது. எப்படிப் பழகுவது?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். பெரியப்பாவுக்கு எழுதிய பதிலில் கேட்ட நால்வரில் ஒருவர் கிடைத்துவிட்டார்.

இயந்திரம் திருத்தப்பட்ட பின், வாரத்தில் ஒரே நாளை ஒரே நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை நல்லது, ஞாயிறு பூசைக்கு மணிக்கூடு சரியாக நிற்கும். மணியடிக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்பின்னாகக் கைப்பிடியைப் போடவேண்டாம். கைப்பிடியைச் சுற்றும்போது, பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழுந்து டக், டக் என்று சீராகக் கேட்க வேண்டும். ஓர் ஒலி தவறினாலும் நிறுத்திப் பாருங்கள். சுற்றுக்களை எண்ணிச் சுவரில் குறித்து வையுங்கள். எண்ணிக்கை மாறினால் வடம் உருளையில் ஏறிச் சிக்கியிருக்கிறது என்று பொருள். மணிக்குச் சில நிமிடங்கள் முன் உள்ளே ஒரு நெம்பு மெல்ல எழுந்து விழும் சத்தம் கேட்கும். பயப்படவேண்டாம், அடிப்பதற்கு ஆயத்தமாகிறது.

திருந்தாதிக்கும் துக்க மணிக்கும் மணியைக் கயிற்றால் ஆட்டும் வழக்கம் உங்கள் கோயிலில் இருந்தால், அதற்கு முன் மணிக்கூட்டின் சுத்தியலை இழுத்து விலக்கிக் கொளுவிவிட வேண்டும். ஆடும் மணி நிற்கும் சுத்தியலில் மோதினால் வெடித்துவிடும். ஆட்டி முடிந்ததும் சுத்தியலை மறக்காமல் விடுவியுங்கள்.

தனியே ஏறவேண்டாம். கைவிளக்கோடு ஒரு துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடைகள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே எவரும் நிற்காதபடி கதவைப் பூட்டி, அடியில் மணல் நிரப்பிய பெட்டி ஒன்றை வைத்துவிட்டு ஏறுங்கள்.